செக்கரின் சொடக்கு

தையலக்காவுக்குப் புருஷனின் முகத்தைவிட முதுகுதான் நன்றாகத் தெரியும். இடது தோள் வலதைவிட அரை விரல் இறக்கம். பிடரியில் ஒரு மடிப்பு, மடிப்புக்குள் ஒரு மச்சம். சட்டைக் காலர் எப்போதும் வலது பக்கம்தான் முதலில் நையும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த முதுகுக்கு அளவு பார்க்காமல் சட்டை தைத்துவிடுவாள். முகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், "மீசை இருக்கும்" என்பாள்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. கல்யாணமான நாளிலிருந்து தெருவில் அவர் முன்னால் நடப்பார், இவள் பின்னால் ஓடுவாள். அவருக்கு நெட்டைக் கால், இவளுக்குக் குட்டைக் கால். அதுகூடப் பரவாயில்லை. மனிதர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பின்னால் வருகிறாளா, குழியில் விழுந்துவிட்டாளா, வேறு யாருடனாவது போய்விட்டாளா என்கிற கவலையெல்லாம் அவரிடம் கிடையாது. வேண்டுமென்றால் ஒரு சொடக்கு. திரும்பாமலே கையைக் காதுப் பக்கம் உயர்த்தி, டக். அடுத்த நொடி அக்கா பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள்.

அந்தச் சொடக்கு அவருடைய உத்தியோகத்தோடு வந்தது. பஸ்ஸில் நடுவழியில் ஏறி டிக்கெட் சோதிக்கிற செக்கர் அவர். வாயைத் திறந்து கேட்க மாட்டார். பயணியின் மூக்குக்கு நேராகக் கையை நீட்டி ஒன்று போடுவார். தூங்குகிறவன் பதறி எழுவான். டிக்கெட் வாங்கியவனும் வாங்காத மாதிரி சட்டைப் பையைத் தடவுவான். வேலை முடிந்தால் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். சொடக்கை மாட்ட வீட்டில் ஆணி இல்லை.

ஒருமுறை கடைத்தெருவிலிருந்து வரும்போது அக்காவின் செருப்பு வார் அறுந்தது. குனிந்து ஊக்குக் குத்தி நிமிர்வதற்குள் முதுகைக் காணோம். பஸ் வந்திருக்கிறது, அவர் ஏறியிருக்கிறார், பஸ் போயே போய்விட்டது. செக்கர் பெண்டாட்டிக்குப் பணம் எதற்கு என்று அவளிடம் எதுவும் தருவதில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் இறங்கவில்லை. ஓரத்திலிருந்து கை மட்டும் வெளியே வந்தது. டக். காப்பி.

அக்கா காப்பி போட்டாள். சர்க்கரைக்குப் பதிலாக உப்புப் போடலாமா என்று டப்பாவைக் கையில் எடுத்து, திரும்ப வைத்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் செய்யாமல் விட்ட நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

பிள்ளை இல்லை. பின்னாளில் அக்காவும் அவள் தங்கச்சியும் சேர்ந்து முச்சந்தியில் ஒரு சின்னத் தையல் கடை நடத்தினார்கள். புதுத் துணி தைக்கிற கடை இல்லை, பழசைப் பிரித்துத் தைக்கிற கடை. பேன்ட்டு நீளம் குறைப்பது, இடுப்பு அகட்டுவது, அறுந்த ஜிப்பை மாற்றுவது. ஊரில் யாருக்குத் தொப்பை போட்டது, யார் இளைத்துப்போனார்கள் என்பதெல்லாம் டாக்டருக்கு முன்னால் இவர்களுக்குத் தெரிந்துவிடும். அக்காவுக்கு மெஷினில் உட்கார்ந்தால் இடி விழுந்தாலும் கேட்காது. ஆனால் கடை வாசலில் யார் சொடக்குப் போட்டாலும் கால் மிதியிலிருந்து எகிறும், இரண்டு கையும் துணியை விட்டுத் தானாக மேலே எழும், தலை திரும்பும். ஊசி பாதித் தையலில் நிற்கும். வாசலில் நிற்பது யாரோ ஒருவன், யாரையோ கூப்பிடுகிறவன்.

"இது என்னக்கா வியாதி?" என்பாள் தங்கச்சி. "மாமா உன் கையில கயிறு கட்டி வெச்சிருக்காரா?"

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் செக்கர் குளியலறையில் விழுந்தார். ரத்தக் குழாய் அடைப்பு. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்று இடது கையைச் சோதிக்க டாக்டர் விரலை அசைக்கச் சொன்னார். செக்கர் கையைத் தூக்கினார். டக்.

"அடடே, அருமை!" என்றார் டாக்டர்.

கதவுக்குப் பக்கத்தில் நின்ற அக்கா, கையிலிருந்த வெந்நீர் பிளாஸ்கைக் கீழே போட்டாள்.

*

அந்த ஊரின் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. பெரும்பாலான மாதங்களில் அது உட்கார்ந்திருக்கும். அதன் இரு கரையிலும் நகராட்சி ஒரு நடைபாதை போட்டது. பெரிய பாலத்தடியில் தொடங்கி, கரையோடு போய், நடைப்பாலத்தில் ஏறி அக்கரைக்கு இறங்கி, அந்தப் பக்கமாகத் திரும்பி வந்தால் ஒரு சுற்று. படிக்கட்டு ஒன்றுகூடக் கிடையாது. பார்வையில்லாதவர்கள் காலால் தடவிப் போகப் புள்ளி வைத்த மஞ்சள் கல், கைப்பிடிக் கம்பி, கொஞ்ச தூரத்துக்கு ஒரு பெஞ்சு. தொடக்கத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட பலகையும் உண்டு: 'அனைவருக்கும் எளிதான பாதை.' பலகைக்காரர்கள் நாற்காலியில் உட்கார்கிறவரை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். தள்ளுகிறவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பாதையில் எல்லோரும் ஒரே திசையில்தான் நடப்பார்கள், ஆறு இடது கைப் பக்கம் இருக்க. யாரும் போட்ட சட்டமில்லை. முதல் நாள் எவனோ அப்படி நடந்தான், மற்றவர்கள் அவன் முதுகைப் பார்த்து நடந்தார்கள். அதனால் அங்கே யாருக்கும் யார் முகமும் தெரியாது. அக்காவுக்குப் பழகின ஏற்பாடு.

தினமும் காலையில் செக்கரை நாற்காலியில் வைத்து, மடியில் துண்டு போட்டு, அந்தச் சுற்றைச் சுற்றி வருவாள். வெளிக்காற்று பட்டால் தேறுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் பாதி வழியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால் விழுந்தாலும் அவர்தான் முன்னால் போகிறார். இவள் அதே பிடரியை, அதே மச்சத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால். கடவுள் சக்கரம் வைத்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் ஊட்டும்போது முகத்தைப் பார்க்கலாமே என்றால், அவர் கரண்டியைப் பார்ப்பார். கரண்டி வாய்க்குள் போனதும் டிவியைப் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷி இருப்பது அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

பாதையில் அவளுக்கு இன்னொரு தொல்லை இருந்தது. நடைப்பாலத்துக்கு முன்னால் ஒரு திடல். அங்கே ஓய்வு பெற்ற ஆண்கள் கூடி வட்டமாக நின்று கையைத் தூக்கி, ஹஹ்ஹஹ்ஹா என்று வைத்தியத்துக்காகச் சிரிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் வெங்கலம். குரலைக் கேட்டால் பெயருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பழைய பேங்க் கேஷியர். ஒரு காலத்தில், பாஸ் தேதி முடிந்தது தெரியாமல் பஸ்ஸில் போன வெங்கலத்தை, ஆபீஸ் பெண்கள் நிறைந்த பஸ்ஸிலிருந்து சொடக்குப் போட்டு இறக்கியவர் செக்கர். நடுரோட்டில், மழையில். வெங்கலம் மறக்கவில்லை. இப்போது செக்கர் நாற்காலியில் வந்து இறங்கியதும் அவருக்கு வைத்தியச் சிரிப்புக்குத் தட்டுப்பாடே இல்லாமல் போயிற்று.

"செக்கர் சார், டிக்கெட் எடுத்தாச்சா?" என்பார். "நாற்காலியில ஓசிப் பயணமா?"

செக்கர் இடது கையைத் தூக்கி ஒன்று போடுவார். கோபமா, ஆமாமா, போடாவா, தெரியாது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு ஒருநாள் அக்கா அவர்களைக் கடந்து போனபின், எவனோ விளையாட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சொடக்குப் போட்டான். அக்காவின் கை இரண்டும் நாற்காலியை விட்டு எழுந்தன. தலை திரும்பியது. திடலே குலுங்கிற்று. அன்றிலிருந்து அது தினசரி நிகழ்ச்சி. ஒருவர் போடுவார், இவள் திரும்புவாள். இன்னொருவர் போடுவார், மறுபடி திரும்புவாள். திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் போவாள். உடம்பு கேட்டால்தானே.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க," என்றாள் ஒருநாள். "உங்க பேன்ட்டு இடுப்பைப் போன மாசம்தான் அகட்டிக் கொடுத்தேன். ரொம்பச் சிரிச்சா பின்பக்கத் தையல் விட்டுடும். அது நான் வேணும்னே விட்ட தையல்."

வெங்கலம் அன்று முழுக்கப் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் மறுநாள் சொடக்கு தொடர்ந்தது.

*

அக்காவின் முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவியது. நாற்காலியிலிருந்து தூக்கிக் கட்டிலில் போடுவது, கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பது, எல்லாம் சேர்ந்து கொடுத்த பரிசு. இனி கனம் தூக்கினால் நீங்களும் ஒரு நாற்காலி வாங்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். தங்கச்சி இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி ஓர் இடம் பார்த்துவைத்தாள். அக்கரையில், நடைபாதையை ஒட்டியே, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த முதியோர் இல்லம். படுக்கையில் இருந்த ஒருவர் போய்ச் சேர்ந்ததில் ஓர் இடம் காலி. வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பேன், அதற்கு மேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அங்கிருந்த வார்டன் அம்மா சொல்லிவிட்டாள்.

"கொண்டுபோய் விட்டுடுக்கா," என்றாள் தங்கச்சி, பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே. "அங்க சொடக்குப் போட்டா வர்றதுக்கு ஆளுங்க இருக்காங்க. சம்பளம் வாங்கறவங்க."

"பாவம்டி."

"யாரு பாவம்? செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்து வந்தியே, அப்ப அவரு பாவம்னு சொன்னாரா?"

அக்கா நூலைக் கடித்தாள். பிறகு, தைக்கிற துணியிடம் சொல்வது மாதிரி சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு தடவை அவரு என்னைத் திரும்பிப் பார்க்கட்டும். பின்னால வர்றேனா இல்லையான்னு. அவ்வளவுதான். பார்த்துட்டாருன்னா வீட்டுலயே வெச்சுக்கறேன். முதுகு ஒடிஞ்சாலும் சரி."

தங்கச்சி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "கழுத்து வேலை செய்யுதா முதல்ல?"

"டாக்டரைக் கேட்டுட்டேன். கழுத்துக்கு ஒண்ணும் இல்லையாம். நல்லாத் திரும்புமாம்."

"அப்ப நான் வார்டனம்மாகிட்ட படுக்கை விரிப்பு மாத்தச் சொல்லிடறேன்," என்றாள் தங்கச்சி.

இப்படி ஆரம்பித்தது அந்த வாரம். அக்கா நல்லவள் என்று இதுவரை நினைத்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். சொடக்கு வந்தது, தலை திரும்பவில்லை. நடுப் பாதையில் நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் நாலு அடி பின்னால் போய் நின்றாள். சொடக்கு, சொடக்கு, சொடக்கு. பிடரி ஆடாமல் அசையாமல் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தது. மறுநாள் பம்பு அறையின் சுவருக்கு முன்னால், மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி நாற்காலியை நிறுத்திவிட்டு, பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தாள். ஆற அமர, ஊதி ஊதி. சாக்கடை வாடை அடிக்கிற இடம் அது. செக்கர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொடக்குப் போட்டார். கட்டை விரல் சிவந்துபோகும் வரை போட்டார். டீ தீர்ந்ததும் அக்கா இன்னொரு டீ சொன்னாள்.

நடந்து போன ஓர் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, முடியாத மனுஷனை இப்படிச் செவுத்தைப் பார்க்க வெச்சிருக்கியே, உனக்கே நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றாள் அக்கா. அது பொய் இல்லை. அன்றைய டீ அவளுக்கு அவ்வளவு ருசித்தது. அதை நினைத்து வீட்டுக்கு வந்து அழுதாள் என்பதும் பொய் இல்லை.

வியாழக்கிழமை வெயிலில் விட்டாள். துண்டு மடியிலிருந்து சரிந்து விழுந்தது, எடுத்துப் போடவில்லை. ஒரு காக்கை வந்து நாற்காலியின் கால் பலகையில் உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்த்தது. காக்கைக்கு இருந்த அக்கறை அவருக்கு இல்லையே என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிட்டத்தில் போய், பிடரிக்குப் பின்னால் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளே ஒரு சொடக்குப் போட்டாள். அவள் விரலில் சத்தமே வரவில்லை. கைவிரல் எல்லாம் ஊசி குத்திக் காய்ப்புக் காய்த்தவை. வழுக்கிக்கொண்டு போயின.

"ஒரு தடவை திரும்புங்களேன்," என்றாள், யாரும் கேட்காத மாதிரி. "உங்க சொத்தா கரைஞ்சிடும்?"

டக், என்றார் செக்கர். போகலாம் என்று அர்த்தம்.

*

வெள்ளிக்கிழமை காலை அவருக்கு நன்றாக முகம் துடைத்து, புதுச் சட்டை போட்டுவிட்டாள். காலரை உள்பக்கம் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருந்தாள், வலது பக்கம் மட்டும். நாற்காலிக்குப் பின்னால் ஒரு பை தொங்கியது. அதில் நாலு சட்டை, நாலு லுங்கி, ஒரு சீப்பு. திரும்பினால் பை வீட்டுக்கு வரும். திரும்பாவிட்டால் பை அங்கேயே இருக்கும்.

திடலில் வெங்கலம் கோஷ்டி கைகளைத் தூக்கித் தயாராக இருந்தது. அக்கா பார்க்காமல் கடந்தாள். வழக்கமாகப் போடுகிற இடத்தில் சொடக்கு வரவில்லை. நிம்மதியாக நடைப்பாலத்தில் ஏறினாள். நடுப் பாலத்தில் நின்று ஆற்றைக் காட்டினாள். அவர் பார்க்கவில்லை. சரி என்று அக்கரைச் சரிவில் இறங்கத் தொடங்கினாள்.

வெங்கலத்துக்கு அன்று ஒரு புது யோசனை. தினமும் அதே இடத்தில் போட்டால் சுவாரசியம் குறைகிறது, பாலத்துக்கே போய் எதிர்பாராத நேரத்தில் போடலாம் என்று. கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு பூனை மாதிரி பின்னாலேயே வந்திருந்தார். இறங்குகிற சரிவு என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியதெல்லாம் அந்தப் பழைய மழைதான்.

டக்!

அக்காவின் இரண்டு கையும் எழுந்தன. தலை திரும்பியது. வெங்கலத்தின் பல் தெரிந்தது. அவள் மறுபடி முன்னால் பார்த்தபோது நாற்காலி கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

ஓடினாள். அவளுக்கு ஓடத் தெரியும், ஆயுசு பூராவும் அந்த முதுகுக்குப் பின்னால் ஓடினவள்தானே. ஆனால் சக்கரத்துக்குப் பின்னால் ஓடியதில்லை. மஞ்சள் புள்ளிக் கல்லில் கால் இடறி, முழங்கால் தேய, உள்ளங்கை தேய, குப்புற விழுந்தாள்.

செக்கர் இடது கையால் இடது சக்கரத்தைப் பிடித்தார். கெட்டியாகப் பிடித்தார். ஒரு பக்கச் சக்கரம் நிற்க, மறுபக்கச் சக்கரம் உருள, நாற்காலி அப்படியே ராட்டினம் மாதிரி சுழன்றது. பின்பக்கம் கைப்பிடிக் கம்பியில் மோதி, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

இப்போது அவர் முகம் இவளைப் பார்த்து இருந்தது.

கீழே விழுந்து கிடந்தபடி அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்த்தார். கரண்டியை இல்லை, டிவியை இல்லை. கலைந்த தலையைப் பார்த்தார், கிழிந்த சேலையைப் பார்த்தார், ரத்தம் வருகிற முழங்காலைப் பார்த்தார், மறுபடி முகத்துக்கு வந்தார். உதடு ஒரு பக்கம் நடுங்கியது. மீசை முழுக்க வெளுத்திருப்பதை அன்றுதான் அக்கா கவனித்தாள்.

சக்கரத்தை விட்டு அவர் கை மெல்ல எழுந்தது. எட்டாத தூரம்தான். இருந்தாலும் நீட்டப்போகிறார் என்று நினைத்தாள். இவளும் தன் கையைத் தரையிலிருந்து எடுத்தாள்.

டக்.

எழுந்து வா, என்று.

அக்கா சிரித்தாள். முதலில் இருமல் மாதிரி வந்தது, பிறகு அடக்க முடியவில்லை. குப்புறக் கிடந்தபடியே, கண்ணில் நீர் கொட்ட, அந்தக் கூட்டம் இத்தனை காலம் சிரித்த சிரிப்பையெல்லாம் சேர்த்து வைத்த மாதிரி சிரித்தாள். கூடச் சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை. வெங்கலத்தின் முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

"அம்மா, நான் சும்மா... தமாசுக்குத்தான்..." குரல் வெங்கலமாக இல்லை, தகரமாக இருந்தது. தூக்கிவிடக் கையை நீட்டினார்.

"வேணாம். உங்க கையைப் பார்த்தாலே பயமா இருக்கு," என்றாள் அக்கா.

தானே எழுந்தாள். சேலையைத் தட்டினாள். கிழிசலை விரலால் அளந்து பார்த்தாள், தைத்துவிடலாம் என்று தோன்றியது. பிறகு நடந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முகத்தை நோக்கி, தன் காலுக்கு என்ன வேகமோ அந்த வேகத்தில். செக்கர் சொடக்கினார். அவள் அவசரப்படவில்லை. மறுபடி சொடக்கினார். கைகள் எழவில்லை. அவளுக்கே ஆச்சரியம். இரண்டு கையும் பக்கத்தில் தொங்கிக்கொண்டு சாவகாசமாக வந்தன.

நாற்காலியை அவள் திருப்பவில்லை. பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்து, அப்படியே பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனாள். இவள் முன்னால், அவர் பின்னால், முதுகோடு முதுகாக. முதுகெலும்பில் அந்த நழுவின வட்டு என்னென்னவோ சொல்லிற்று. மஞ்சள் கட்டிடத்தின் வாசல் வரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கடையில் தங்கச்சி அவள் முழங்காலுக்கு மருந்து போட்டாள்.

"பார்த்தாரா?"

"பார்த்தாரு."

"பார்த்தா வீட்டுல வெச்சுக்கறேன்னு சொன்னே?"

அக்கா கூரையைப் பார்த்தாள். "நாற்காலி திரும்புச்சு. அவரு திரும்பல."

தங்கச்சி மருந்தை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தடவினாள்.

*

இப்போது அக்கா தனியாகத்தான் நடக்கிறாள். திடலைக் கடக்கும்போது யாரும் சொடக்குவதில்லை. வெங்கலம் நடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பேன்ட்டுகளை மட்டும் மனைவியிடம் கொடுத்து அனுப்புகிறார். அக்கா அவற்றை ஒழுங்காகத் தைத்துக் கொடுக்கிறாள். கொஞ்சம் இறுக்கமாக.

ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லத்துக்குள் போய் ஊட்டிவிட்டு வருவாள். அவர் கரண்டியைப் பார்ப்பார்.

மற்ற நாள் காலைகளில் இல்லத்து வராந்தாவில், கம்பித் தடுப்புக்குப் பின்னால், நடைபாதையைப் பார்த்து அவரை உட்கார வைத்திருப்பார்கள். அக்கா அந்த இடத்தைக் கடக்கும்போது பக்கவாட்டில்கூடப் பார்க்க மாட்டாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேராகப் போவாள். முதுகு மட்டும்தான் அவருக்குத் தெரியும். அவள் முதுகு எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. பின்பக்கம் கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும் என்று இரண்டு புது ஜாக்கெட் தைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அதில் விசேஷமில்லை என்றாள் தங்கச்சியிடம்.

ஒருநாள் இல்லத்து ஆயா வாளியோடு வெளியே வந்தவள் அவளை நிறுத்தினாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு நாள் பூராச் சொடக்குப் போட்டு எங்க உசிரை எடுக்கறாரு. காலையில நீங்க போறப்ப மட்டும் கை மடியில கிடக்குது. நீங்க தாண்டிப் போனப்புறம் அந்த வளைவு வரைக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறாரு. ஒடிஞ்சிடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு."

அக்கா வராந்தா பக்கம் திரும்பவில்லை. ஆயாவின் வாளியைப் பார்த்தபடி கேட்டாள், "இந்நேரமும் பார்க்கறாரா?"

"ஆமாக்கா. இங்கதான் பார்த்துக்கிட்டிருக்காரு."

"பார்க்கட்டும்," என்றாள் அக்கா. "கழுத்துக்கு நல்ல எக்சர்சைஸ்."

மறுநாளிலிருந்து அவள் இரண்டு சுற்று நடக்கிறாள். இரண்டாவது சுற்றில் முதுகு வலி உயிர் போகும். கேட்கிறவர்களிடம் சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லிவைத்திருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை கிடையாது.